வெள்ளிக்கிழமை எக்லி

மார்ச் 14, வெள்ளி

இன்று ஒரு சிறு தவறு செய்துவிட்டேன். மீன் பிடித்துவிட்டேன்.

தூண்டிலோடு லிம்மாத் நதியின் நீர்த்தேக்கத்துக்குப் போனவள் மீன் பிடித்ததில் என்ன தவறு என்று பிறகொரு நாள் இதை வாசிக்கும்போது எனக்கே தோன்றலாம். ஆகவே ஒழுங்காக எழுதி வைக்கிறேன். இன்று வெள்ளிக்கிழமை. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை மச்சம் இல்லை. சமைப்பதில்லை என்பது மட்டுமல்ல, மீனோ இறைச்சியோ அன்று வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதே இல்லை. அம்மா வியாழன் இரவே பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிடுவார்.

கையுறை, அளவுகோல், கத்தி, மீனின் தலையில் அடிக்கும் சிறிய மரக்கட்டை, துண்டு, மாற்றுக் காலுறை, தேநீர்ப் போத்தல் எல்லாவற்றையும் நேற்றே எடுத்து வைத்தேன். மழை வந்தால் என்ன செய்வது என்று யோசித்தேன். தூண்டில் நரம்பான தங்கூசி மரக்கிளையில் சிக்கினால், ரயில் பிந்தினால் என்ன செய்வது என்றும் யோசித்தேன். மீன் பிடிபட்டால் என்ன செய்வது என்று மட்டும் யோசிக்கவில்லை. எனக்கு மீன் பிடிபடும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிடிபட்டது எக்லி. பச்சை உடம்பில் கறுப்புப் பட்டிகள், சிவப்புச் செட்டைகள், முதுகில் கைகுத்தும் முள்வரிசை. சுவிஸ்காரர் விரும்பி உண்ணும் மீன். மீன்பிடிச் சங்கத்தின் தலைவர் ஹெர் வீடர்கேர் என் பின்னால் நின்று "பெட்ரி ஹைல்!" என்று கத்தினார். மீன் பிடித்தவரை இங்கே அப்படித்தான் வாழ்த்துவார்கள். சங்கத்தின் வகுப்பில் படித்தபடி அளந்து பார்த்து, உடனே தலையில் அடித்து, செவுளில் வெட்டி, இரத்தத்தை ஓடவிட்டேன். குடல் எடுத்து, செதில் உரித்தேன். துடைத்தேன். துண்டில் சுற்றும்போதுதான் நாளின் பெயர் நினைவுக்கு வந்தது.

திரும்ப நீரில் விடவும் முடியாது. மீன் செத்துவிட்டது. உயிரோடிருந்தாலும் விடக் கூடாது. பிடிக்கத்தக்க அளவு மீனைப் பிடித்தால் அதை உண்ண வேண்டும், விளையாட்டுக்காக ஒரு மீனை வதைத்துவிட்டு விடக் கூடாது என்பது செவ்வாய் மாலை வகுப்பில் எங்களுக்குச் சொல்லித்தந்த முதலாவது சட்டம்.

பக்கத்தில் சண்முகநாதன் அண்ணை தூண்டிலைச் சுருட்டிக்கொண்டிருந்தார். பாடன் நகரில் பஸ் ஓட்டுகிறார், ஊரில் கிழக்குக் கரை வாழைச்சேனைக்காரர். மாலை வகுப்பில் இருக்கிற தமிழர் நாங்கள் இரண்டு பேர்தான். அவருக்கு இன்றும் ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன புள்ள, மீன்ட செத்தவீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறா?"

"அண்ணை, இண்டைக்கு வெள்ளி."

"ஓம், வெள்ளிதான். நேத்து வியாழன். அதுக்கென்ன?"

"வீட்டுக்கை மச்சம் கொண்டுபோகேலாது."

"அப்ப பல்கனியில வை."

"பல்கனியிலை அம்மான்ரை துளசி நிக்குது."

"கீழ கெல்லர்ல?"

கெல்லர் என்பது கட்டடத்துக்கு அடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் இருக்கிற நிலவறை. "அங்கை கோயில் அன்னதானத்துக்கு வாங்கின அரிசி மூட்டை கிடக்குது அண்ணை."

"மறுகா என்ன, மேலயும் சாமி, கீழயும் சாமி. கொண்டா இஞ்ச. எங்கட வீட்டில திங்கள்தான் மரக்கறி. வெள்ளிக்கு ஒரு தடையும் இல்ல."

கொடுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார். "ஏதும் பிடிபட்டதோ?"

"சரியான குளிர் அம்மா" என்றேன். அது பொய் இல்லை. பதிலும் இல்லை.

மார்ச் 16, ஞாயிறு

அம்மா கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினார். சண்முகநாதன் அண்ணை தன் சமையலறையில் நின்று என் எக்லியை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருக்கிறார். எங்கள் பகுதித் தமிழர்களின் வாட்ஸப் குழுவில் போட்டிருக்கிறார். கீழே "லிம்மாத் நதியின் பரிசு" என்று எழுதியிருந்தது. கைதட்டல் படங்கள் முடிவில்லாமல் போய்க்கொண்டிருந்தன.

"பார், அந்த மனுசன் பஸ்ஸும் ஓட்டி, மீனும் பிடிக்குது. நீ என்ன பிடிச்சனி? மூக்கொழுகத் தடிமன்தான் பிடிச்சனி."

அப்பா ஜெகதீஸ்வரன் பத்திரிகைக்குப் பின்னாலிருந்து அம்மாவுக்குச் சொன்னார். "தடிமனும் லேசிலை பிடிபடாது மனோகரி. அதுக்கும் குளிருக்கை நிக்க வேணும்."

நான் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நான் பிடிச்சதெண்டு எங்க எழுதினன்? பரிசு எண்டுதானே எழுதினன். நீ தந்த பரிசு."

வாதத்தில் அவரை வெல்ல என்னால் முடியாது. பஸ்ஸில் பயணச்சீட்டு இல்லாத ஆட்களோடு கதைத்துப் பழகியவர்.

ஏப்ரல் 11, வெள்ளி

எக்லி முட்டையிடும் காலம். எங்கள் சங்கம் இந்த வாரங்களில் எக்லிக்குத் தூண்டில் போட விடாது. எனக்குச் சற்று நிம்மதி. மீன் பிடிபடாத வெள்ளிக்கிழமைகள்.

ஜனவரியில் நாங்கள் ஊர்முழுக்கச் சேர்த்த பழைய கிறிஸ்மஸ் மரங்களைக் கல்லுக்கட்டி நீர்த்தேக்கத்தின் ஓரத்தில் தாழ்த்தியிருந்தோம். இன்று படகில் போய் ஒன்றைச் சற்று உயர்த்திப் பார்த்தோம். கிளைகளில் வெள்ளை வலைத்துணி போல முட்டை நாடாக்கள் சுற்றிக் கிடந்தன. வண்ண விளக்குகள் தொங்கிய கிளைகளில் இப்போது மீன்முட்டை. ஒரு கிளையில் யாரோ கழற்ற மறந்த சிவப்புக் கண்ணாடி உருண்டை ஒன்றும் இருந்தது. ஹெர் வீடர்கேர் அதைக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அவர் எங்களுக்கு விதிகளை மறுபடி நினைவூட்டினார். எங்களுக்கு இது பரீட்சை ஆண்டு, உறுப்பினராகச் சேர்க்கலாமா என்று சங்கம் பார்க்கும் ஆண்டு. பரீட்சை ஆண்டில் இருக்கிறவர்கள் வெள்ளி பிற்பகல் மட்டும், அவர் கரையில் நிற்கும்போது மட்டும் மீன் பிடிக்கலாம். சங்கம் தொடங்கிய நாளிலிருந்தே வெள்ளிதானாம். ஆண்டு முடிவில் உறுப்பினர்கள் கை உயர்த்தினால் நாங்களும் உறுப்பினர். உறுப்பினருக்குப் படகுத்துறைக் குடிலின் சாவி கிடைக்கும். எந்த நாளும் வரலாம்.

எந்த நாளும். அதாவது சனிக்கிழமையும். சனிக்கிழமை பிடித்த மீனை நான் நேராக அம்மாவின் சமையலறைக்குக் கொண்டுபோகலாம். அந்தச் சாவி எனக்கு வேண்டும் என்று இன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

இன்னொன்றும் எழுதி வைக்கிறேன். பொதிகள் பிரிக்கும் என் வேலையிடத்தில் ஒரு பொதியின் முகவரியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன். ஆனால் தங்கூசி விரலில் துடிக்கும்போது எனக்கு ஒரு சந்தேகமும் வருவதில்லை. வேறெங்கும் எனக்கு இப்படி நடந்ததில்லை.

ஜூலை 11, வெள்ளி

கோடை. மாலையில் நீரின் மேல் குஞ்சு மீன்கள் மழைத்துளி போலத் தெறித்து எழுந்தன. அடியிலிருந்து எக்லிக் கூட்டம் அவற்றைத் துரத்துகிறது. முக்குளிப்பான் பறவை ஒன்றும் எங்களுக்குப் போட்டியாக வந்து மூழ்கியது. இரையாக மாட்டிய சிறிய சிலிக்கோன் புழுவை அந்தத் தெறிப்புக்குச் சற்று அப்பால் எறிந்து வேகமாக இழுத்தேன். மார்ச்சில் அடியில் மெல்ல மெல்ல இழுத்ததற்கு முற்றிலும் எதிர். எறிந்தபோதெல்லாம் பிடித்தது. போதும் என்று நானே நிறுத்தினேன்.

அண்ணை என் பக்கத்தில் நின்று அதே புழுவை அதே இடத்துக்கு எறிந்தார். அவருக்கு ஒரு மரக்கிளையும் ஒரு நீச்சல்காரரின் துவாயும் கிடைத்தன.

"இந்த எக்லி ஆரு தெரியுமா? எங்கட வாவியில கிடக்கிற கொடுவாவுக்குச் சின்னத் தம்பி. எனக்கு அண்ணனைத் தெரியும். அதான் தம்பி மரியாதைக்கு விலத்திப் போகுது."

மீன்களைக் குளிர்பெட்டியில் அடுக்கி அவரிடமே கொடுத்தேன். குடல் எடுத்து, செதில் உரித்து, துடைத்துத்தான் கொடுப்பேன். அவருடைய மனைவி தில்லைநாயகி அக்காவுக்கு வேலை குறையட்டும் என்று.

இன்று அவரிடம் கேட்டேன். "அண்ணை, வெள்ளிக்கிழமையிலை உயிரைக் கொல்லுறன். பாவமோ?"

அவர் குளிர்பெட்டியின் மூடியைத் தூக்கி மீன்களை எண்ணினார். "பாவம்தான். ஆனா திங்கறது நான். அதால பாதி என்ட கணக்கில எழுதியாச்சு. நீ யோசியாத."

ஜூலை 13, ஞாயிறு

வாட்ஸப்பில் புதுப் படம். ஒரு தட்டு நிறையப் பொரித்த எக்லி. கீழே "கோடை வேட்டை". அம்மா அதைத் தன் வேலையிடத்துத் தோழி ஒருத்திக்கும் அனுப்பியிருக்கிறார். அம்மா ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறார்.

"ஒரு நாளைக்கு அந்த மனுசன் பிடிக்கிறதை நேரிலை பாக்க வேணும்" என்றார்.

"நானும்தான்" என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

பெரிய எக்லிகள் பாலத்தூண்களின் நிழலுக்கு வந்துவிட்டன. காற்றில் குளிர் தொட்டுப் போகிறது.

தூண்டிலைச் சுருட்டியபின் ஹெர் வீடர்கேர் எங்களைக் குடிலுக்குள் அழைத்து ஆண்டு விருந்தைப் பற்றிச் சொன்னார். நவம்பர் கடைசி வெள்ளி. பரீட்சை ஆண்டுக்காரர் அன்று பிற்பகலில் தாமே மீன் பிடிக்க வேண்டும். தாமே சமைக்க வேண்டும். எல்லோர் முன்னிலையிலும் முதல் வாய் தாமே உண்ண வேண்டும். அதன் பிறகே மற்றவர்கள் கரண்டியைத் தொடுவார்கள். அதன் பிறகே கை உயர்த்துவார்கள். தன் மீனைத் தானே உண்ணாதவர் மீனவர் இல்லை என்பது அவர்களுடைய பழைய வழக்கம். குடும்பத்தாரும் வரலாம்.

அண்ணை வெளியே வந்து புகைத்துக்கொண்டு சொன்னார். "உனக்குப் பிடிக்கிற கவலை இல்ல. தின்னுற கவலை. எனக்குத் தின்னுற கவலை இல்ல. பிடிக்கிற கவலை. ரெண்டு பேரையும் உருக்கி ஒரு ஆளாச் செஞ்சா நல்ல உறுப்பினர் ஒண்டு வரும்."

"ஹெர் வீடர்கேரிட்டைச் சொல்லட்டோ அண்ணை?"

"என்னெண்டு சொல்லுவா? ஒரு வருசமா வெள்ளிக்கு வெள்ளி மீன் பிடிச்சவள் வெள்ளியில மீன் தின்னமாட்டாளாம் எண்டா? அந்தாள் உன்னைக் கேக்கும், அப்ப இவ்வளவு மீனும் எங்க போனதெண்டு."

அண்ணைக்கு வேர்ப்பதை முதன்முறையாகப் பார்த்தேன்.

நான் கடவுளுக்காக வெள்ளியைக் காக்கிறேனா, அம்மாவுக்காகக் காக்கிறேனா என்று ரயிலில் யோசித்தேன். பிறந்ததிலிருந்து ஒரு வெள்ளியும் நான் மீன் உண்டதில்லை என்பது மட்டும் தெரியும். அதை ஒரு சாவிக்காக விட்டால் சாவி கையில் இருக்கும்போதெல்லாம் அது நினைவுக்கு வரும் என்றும் தெரியும்.

அக்டோபர் 24, வெள்ளி

கந்தசஷ்டி. இன்று நீர்த்தேக்கத்துக்குப் போகவில்லை. அம்மாவும் நானும் பகலில் ஒன்றும் உண்ணாமல் மாலையில் கோயிலுக்குப் போனோம். வரமுடியாது, குடும்ப விடயம் என்று ஹெர் வீடர்கேருக்குச் செய்தி அனுப்பியிருந்தேன். "விரைவில் நலமடைய வாழ்த்துகள்" என்று பதில் போட்டிருந்தார். யாரோ நோயாளி என்று நினைத்துவிட்டார். திருத்தி எழுத வேண்டும் என்று நினைத்தேன். எப்படித் திருத்துவது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

நவம்பர் 28, வெள்ளி

வேலை மதியத்தோடு முடிந்தது. நீர்த்தேக்கத்தின் மேல் மூடுபனி. மறுகரை தெரியவில்லை. நெடுஞ்சாலையின் இரைச்சல் மட்டும் பனிக்குள்ளிருந்து வந்தது. எக்லிகள் ஆழத்துக்குப் போய்விட்டன. கனமான ஈயம் கட்டி, அடியைத் தொடவிட்டு, தடியின் நுனியை மட்டும் அசைத்தேன். நெடுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கதவை யாரோ இரண்டு விரலால் தட்டுவதுபோல ஒரு தட்டு. இழுத்தேன். பெரிது. அதே இடத்திலிருந்து இன்னும் நான்கு வந்தன.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் அண்ணை கத்தினார். கத்தல் தமிழும் இல்லை, ஜெர்மனும் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தேன். அவருடைய தூண்டிலில் ஒரு எக்லி! அளவு சரிதானா என்று நான் அளவுகோலை எடுத்தேன். என்னைத் தள்ளிவிட்டுத் தானே அளந்தார்.

"சட்டத்துக்கு மேல ஒரு விரல்! பாத்தியா, ஒரு விரல்!"

ஹெர் வீடர்கேர் "பெட்ரி ஹைல்!" என்றார். அண்ணை அவரைக் கட்டிப்பிடித்தார். மீன் இருவருக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டது.

குடிலுக்குத் திரும்பியபோது அம்மா, அப்பா, தில்லைநாயகி அக்கா எல்லோரும் வந்துவிட்டார்கள். அம்மாவின் முகத்தில் ஒரு நிகழ்ச்சி பார்க்க வந்த ஆவல். சுற்றிவர மேசைகளில் சங்கத்தின் ஆட்கள் குடும்பத்தோடு. நான் மேசையில் என் ஐந்து மீன்களையும் அடுக்கினேன். அண்ணை பக்கத்தில் தன்னுடைய ஒன்றை வைத்தார். அம்மா ஐந்தையும் பார்த்தார், ஒன்றையும் பார்த்தார்.

"சண்முகநாதன் அண்ணை, மாறி வைச்சிட்டியள் போலை. உங்கடை ஐஞ்சும் பிள்ளையின்ரை பக்கத்திலை கிடக்குது."

அண்ணை தலையைச் சொறிந்தார். "இல்ல தங்கச்சி. அது எல்லாம் உங்கட கோபிஷா பிடிச்சது. இப்ப மட்டும் இல்ல, வருசம் முழுக்கப் பிடிச்சதும் அவதான். வெள்ளியெண்டு வீட்ட கொண்டுவர ஏலாம என்னட்டத் தந்தவ. படத்துக்கு நிண்டது மட்டும்தான் நான்."

அம்மா என்னைப் பார்த்தார். நான் மீனைப் பார்த்தேன்.

தில்லைநாயகி அக்கா சிரித்தார். "எனக்கு முதல் நாளே தெரியும். மீன் குடல் எடுத்து, செதில் உரிச்சு, துடைச்சு வந்தது. இந்த மனுசனுக்கு வெங்காயம் உரிக்கத் தெரியாது. ஆரோ ஒரு நல்ல பிள்ள பின்னால நிக்குது எண்டு நினைச்சன்."

"பின்னால ஒரு பொம்பிளப் பிள்ள எண்டு தெரிஞ்சும் சும்மா இருந்தியா?" என்றார் அண்ணை.

"உங்களைப் பாத்தா சந்தேகப்பட்டுச் சண்டை பிடிக்கிற மாதிரியா இருக்கு?"

அம்மா சிரிக்கவில்லை. எனக்குப் பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டார். "வெள்ளிக்கு வெள்ளி உயிர்க்கொலை செய்தனியோ?"

"ஓம் அம்மா."

"எனக்குச் சொல்லாமல்?"

"சொன்னால் போகாதை எண்டுவியள்."

அம்மா போய் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தார். நான் மீனைத் துண்டாக்கி, உப்பும் மஞ்சளும் மிளகும் பூசி, அரிசிமாவில் புரட்டிப் பொரித்தேன். பெரிய மீன்கள் மூன்றைப் பொரித்தேன். மற்ற இரண்டும் பனிக்கட்டியில் இருந்தன. அண்ணை தன் மீனை அருகில் இன்னொரு தாச்சியில் பொரித்தார், அதாவது தாச்சியை நான் பார்த்துக்கொண்டேன். சங்கத்தார் பிடித்துச் சேர்த்திருந்த மீன்களும் பெரிய சட்டியில் பொரிந்தன. உப்பு சரியா என்று நான் ருசி பார்க்கவில்லை. அதுவே எனக்குப் பெரிய கவலையாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

தட்டு என் முன்னால் வந்தது. பொன்னிறமாக வந்திருந்தது. வெறுந்தட்டுகளுக்கு முன்னால் அத்தனை பேரும் முள்ளுக்கரண்டியோடு என்னைப் பார்த்தார்கள். அண்ணையும் என்னைப் பார்த்தார். அம்மா மட்டும் யன்னலைப் பார்த்தார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். எழுந்து ஜெர்மனில் சொன்னேன். "மன்னிக்க வேண்டும். இன்று வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமைகளில் நான் மீன் உண்பதில்லை. முன்பே சொல்லியிருக்க வேண்டும்."

ஹெர் வீடர்கேர் என்னை வியப்போடு பார்த்தார். "வெள்ளிக்கிழமை மீன் உண்ணக் கூடாதா? வெள்ளிக்கிழமை என்பதால்தானே மீன் உண்கிறோம்!"

எனக்கு விளங்கவில்லை. அவர் விளங்கப்படுத்தினார். அவர்கள் கத்தோலிக்கர். அவருடைய சிறுவயதில் வீட்டில் வெள்ளிக்கிழமை இறைச்சி உள்ளே வரக் கூடாது. தொத்திறைச்சித் துண்டு ஒன்றைச் சட்டைப் பைக்குள் வைத்து வந்ததற்காகத் தாய் அவரைச் சட்டையோடு வெளியே நிறுத்தினாராம். அதனால் வெள்ளிக்கிழமை மீன். அதனால்தான் சங்கத்தின் நாளும் வெள்ளி.

"வாசற்படிக்கு வெளியிலேயா?" என்று கேட்டேன்.

"வாசற்படிக்கு வெளியில். மழையில்."

அப்போது அம்மா எழுந்தார். சமையலறை ஜெர்மனில் கேட்டார். "அப்ப உங்கடை விரதத்திலை மீன் மரக்கறியோ?"

ஹெர் வீடர்கேர் யோசித்தார். நேர்மையான மனிதர். "அப்படித்தான் வைத்திருக்கிறோம்" என்றார். "ஏன் என்று என்னைக் கேட்காதீர்கள்."

"எங்கடை முதியோர் ஹைமிலையும் வெள்ளிக்கிழமையெண்டால் மீன்தான்" என்றார் அம்மா. "வந்த நாளிலையிருந்து பொரிக்கிறன். ஏனெண்டு ஒருநாளும் கேட்டதில்லை. சமையலறை வழக்கமாக்கும் எண்டு நினைச்சன்."

அப்பா பத்திரிகை இல்லாமலே பத்திரிகைக்குப் பின்னாலிருந்து கேட்பதுபோலக் கேட்டார். "மனோகரி, நீ வெள்ளிக்கிழமையிலை மீன் பொரிக்கிறனியோ?"

"அது வேலை. கையுறை போட்டுத்தான்."

"எங்களுக்குச் சொல்லேல்லை?"

அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் வாயை மூடினார், பிறகு மூடவில்லை. எத்தனையோ வெள்ளிக்கிழமைகளாக அம்மாவும் நானும் மீன் மணக்கும் கையைக் கழுவிவிட்டுத்தான் ஒரே மேசையில் இருந்து பருப்பும் கீரையும் உண்டிருக்கிறோம்.

ஆனால் தட்டு ஆறிக்கொண்டிருந்தது. முதல் வாய் உண்ணப்படாமல் ஒருவரும் கரண்டியைத் தொடக் கூடாது. பின் மேசையில் ஒரு குழந்தை பசியில் அழத் தொடங்கியது. சங்கத்தின் செயலாளர் விதியை ஒரு முறை உரக்க வாசித்தார். ஆளாளுக்கு வாதம். வழக்கம் வழக்கம்தான் என்றார் ஒருவர். கை உயர்த்துவதற்கு முன் உண்ண வேண்டும் என்றுதான் இருக்கிறது, எந்த நாளில் என்று இல்லையே என்றார் இன்னொருவர். ஹெர் வீடர்கேர் இரண்டு பேரையும் கேட்டார். வழக்கத்தை மாற்றுவதாகவும் சொல்லவில்லை, என்னை உண்ணச் சொல்லவும் இல்லை.

அண்ணைதான் எழுந்தார். "பரீட்சைக்காரர் ரெண்டு பேர்தானே? முதல் வாய் ஒராள் திண்டாப் போதும். எனக்கு இண்டைக்கு வெள்ளி இல்ல!"

அதைத் தானே ஜெர்மனிலும் சொன்னார். தன் ஒற்றை எக்லியின் ஒரு துண்டை எடுத்தார். கண்ணை மூடி மென்றார். ஒரு வருடமாக என் மீனைத் தின்றவர் தன் மீனைத் தின்றபோது கண் கலங்கியதை நான் பார்த்தேன். மிளகுதான் காரணம் என்று பிறகு சொன்னார்.

எல்லோரும் உண்டார்கள். என் மீனும் தீர்ந்தது. உப்பு சரி என்றார்கள். பிறகு செயலாளர் அண்ணைக்காகக் கை உயர்த்தும்படி உறுப்பினர்களிடம் சொன்னார். அண்ணை இரண்டு கையாலும் தடுத்தார்.

"பொறுங்கோ, பொறுங்கோ. இவ இல்லாட்டி எனக்குச் சாவி வேணாம். நான் தனியா வந்து என்னத்தப் பிடிக்க? நாளைக்குச் சனி. இவ நாளைக்குத் தின்னட்டும். மறுகா ரெண்டு பேருக்கும் சேத்து உயத்துங்கோ."

ஹெர் வீடர்கேர் தாடையைத் தடவினார். வாக்கெடுப்பு நாளை மதியத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது, இதே குடிலில் என்று அறிவித்தார். பனிக்கட்டியில் இருக்கும் இரண்டு மீன்களும் என்னுடையவை, நாளை அவற்றைச் சமைத்து முதல் வாய் உண்டால் விதி நிறைவேறும் என்றார். சனிக்கிழமைக்கு எதிராக எங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்று மிகவும் கவனமாகக் கேட்டார்.

அம்மா விரல் மடித்துப் பார்த்தார். "புரட்டாதிச் சனிதான் மரக்கறி. அது முடிஞ்சுது. பிள்ளையார் கதை விரதம் இன்னும் தொடங்கேல்லை. நாளைக்கு ஒண்டும் இல்லை."

"நாளை யார் யார் வருகிறீர்கள்?" என்று ஹெர் வீடர்கேர் கேட்டார்.

குடிலில் இருந்த எல்லாக் கைகளும் உயர்ந்தன. பின் மேசைக் குழந்தையின் கையைத் தாய் தூக்கிப் பிடித்தாள். அண்ணை என் விலாவில் இடித்தார்.

"பாத்தியா புள்ள?"

அது வாக்கு இல்லை. நாளை வருகிறவர்களை அறியக் கேட்டது மட்டும்தான். அதைத் தெளிவாக எழுதி வைக்கிறேன். ஆனாலும் நான் சுற்றிவரப் பார்த்தேன். கீழே இருந்த கை ஒன்றையும் காணவில்லை.

புறப்படும்போது அம்மா செயலாளரிடம் ஒரு சோடி ரப்பர் கையுறை கேட்டு வாங்கினார். போட்டுக்கொண்டு என் இரண்டு மீன்களையும் கழுவினார். வாலில் நான் விட்ட செதில்களைக் காட்டி "இதென்ன சுத்தம்?" என்றார். குடிலின் குளிர்பெட்டிக்குள் வைத்து மூடினார். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, "இஞ்சை வாசற்படி இல்லை, பரவாயில்லை" என்றார்.

ரயிலில் அப்பா கேட்டார். "மனோகரி, உன்ரை ஹைமிலை மீனுக்கு என்ன போடுவாங்கள்?"

"எலுமிச்சை."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். பாவங்கள்."

நாளை: காலையில் கடை திறந்ததும் நல்லெண்ணெய், எலுமிச்சை, சின்ன வெங்காயம் வாங்க வேண்டும். அம்மாவின் மிளகாய்த்தூளைச் சிறிய போத்தலில் எடுத்து வைக்க வேண்டும். மதியத்துக்கு முன் குடிலுக்குப் போய் இரண்டு மீன்களையும் பொரிக்க வேண்டும். இம்முறை உப்பை ருசி பார்க்க வேண்டும். முதல் வாயை நான் உண்ண வேண்டும்.